அமெரிக்கப் படைமானியப் பதிவுகளும் முன்னோர் தேட்டமும்

மன்னர்க்கும் தளபதியர்க்கும் வரலாறு எழுதுவோர் பலர் உளர்; படையின் கடைசி வரிசையில் துப்பாக்கி சுமந்து நடந்த ஏழைச் சிப்பாய்க்கு வரலாறு எழுதுவார் யார்? அவன் பெரும்பாலும் எழுத்தறியாதவன். சொந்த நிலம் இல்லாதவனாகலின் வரிக்கணக்கில் அவன் பெயர் அருகியே காணப்படும். அவன் புதைகுழிமேல் நாட்டிய பலகையும் மழையிலும் பனியிலும் மட்கிப்போயிற்று. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருநூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அத்தகைய எளியோன் ஒருவனுடைய வயது, அவன் சென்ற போர்க்களம், மனைவியின் மணத்திற்கு முந்தைய பெயர், மணம் நிகழ்ந்த நாள், மணஞ்செய்வித்த போதகர் பெயர், மக்களின் பெயர் ஆகிய இத்துணையும் அவன் வழிவந்தோர் பலர் இன்று அறிந்துகொள்ளுகின்றனர். இஃது எங்ஙனம் கூடிற்று எனின், அரசாங்கம் அவனுக்கு நிலம் தருவதாகச் சொல்லியிருந்தது; அந்நிலத்தைக் கேட்டு அவனோ அவன் கைம்பெண்ணோ மனுச் செய்தபோது எழுந்த காகிதக் கட்டு அழியாமல் வைக்கப்பட்டுள்ளது. அக்கட்டினைத் தேடுவது எப்படி, கண்டபின் அதனைப் படிப்பது எப்படி என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள்.

போரிற் பட்ட வீரன் குடும்பத்திற்கு நிலம் விடும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. உதிரப்பட்டி என்று கல்வெட்டுக்களில் வரும் சொல்லைச் சிறப்புத் தமிழ் வகுப்பினர் நன்கு அறிவர். ஆனால் அது வீரன் மாண்டபின் விட்ட கொடை. அமெரிக்கர் தந்ததோ, ஆளைப் படையிற் சேர ஈர்த்தற்பொருட்டு முன்னரே பேசிய கூலியின் ஒரு பகுதி. கூலியாகலின் அதனைப் பெறுதற்கு மனுவும், சாட்சியும், பிரமாணமும், எண்ணிட்ட சீட்டும் வேண்டியிருந்தன. ஆங்கிலத்திற் பவுண்டி லாண்டு எனப்படும் இந்நிலத்தைப் படைமானிய நிலம் என்றே இக்கட்டுரையில் வழங்குகின்றேன்.

இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் அமெரிக்கர் அல்லர், ஆங்கிலேயரே. பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர் முடிந்ததும், 1763 ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். உயர்தரப் படைத்தலைவர்க்கு 5,000 ஏக்கர், காப்டனுக்கு 3,000, கீழ்த்தர அதிகாரிக்கு 2,000, ஹவில்தார் முதலியோர்க்கு 200, தனிச் சிப்பாய்க்கு 50 என்பது அதிற் கண்ட அளவு. அதற்கும் முன்னரே, 1754 ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் ஆளுநர் தின்விட்டி என்பவர் தம் படையிற் சேர்வார்க்கு 2,00,000 ஏக்கர் பகிர்ந்தளிப்பதாக உரைத்திருந்தார். அவ்வுரையை நம்பிச் சேர்ந்த வீரர் பலர், காத்திருந்து சலித்துத் தம் பங்கினை விற்றனர். வாங்கிச் சேர்த்தவருள் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன். படைமானியம் என்றால் பெற்றவன் ஒருவன், உழுதவன் மற்றொருவன் என்னும் நிலைமை அன்றே தொடங்கிவிட்டது. பின்வரும் நூறாண்டும் அதுவே நடந்தமையின், முன்னோரைத் தேடுவோர் இதனை மறவாது நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சுதந்தரப் போர் மூண்டபின், 1776 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் மகாசபை ஒரு தீர்மானம் செய்தது. போர் முடியும்வரை பணி செய்வதாக ஒப்புக்கொள்ளும் கர்னலுக்கு 500 ஏக்கர், லெப்டினண்டு கர்னலுக்கு 450, மேஜருக்கு 400, காப்டனுக்கு 300, லெப்டினண்டுக்கு 200, என்ஸைனுக்கு 150, ஹவில்தார் சிப்பாய் முதலிய ஏனையோர்க்கு 100 என்று அளவிடப்பட்டது. 1780 ஆம் ஆண்டில் மேஜர் ஜெனரலுக்கு 1,100 ஏக்கரும், பிரிகேடியர் ஜெனரலுக்கு 850 ஏக்கரும் சேர்க்கப்பட்டன. இதில் வியப்பு யாதெனின், தீர்மானம் செய்த நாளில் அச்சபைக்கு உரியதாக ஒரு காணி நிலமேனும் இல்லை. மேற்கேயுள்ள நிலப்பரப்புக்கு வர்ஜீனியா, நியூயார்க்கு முதலிய மாகாணங்கள் தனித்தனியே உரிமை கொண்டாடின. அவ்வுரிமை இல்லாத மேரிலாந்து மாகாணம், அந்நிலம் எல்லார்க்கும் பொதுவாக வேண்டுமென வழக்காடி, ஐக்கிய உடன்படிக்கையில் 1781 ஆம் ஆண்டுவரை கையெழுத்திடாது நின்றது. 1784 ஆம் ஆண்டில் வர்ஜீனியா, ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே தான் கோரிவந்த நிலத்தைப் பொதுவுக்கு ஒப்புவித்தது. ஒப்புவித்தபோதும், ஸயோட்டோ, சிறு மயாமி என்னும் ஆறுகட்கு இடைப்பட்ட பகுதியைத் தன் சிப்பாய்கட்கென நிறுத்திக்கொண்டது.

இம்மாகாணங்கள் ஒன்றற்கொன்று விட்டுக்கொடுத்த நிலம் உண்மையில் யாருடையது? ஷானி, டெலவேர், வையண்டாட் முதலிய பூர்வகுடி மக்கள் அதில் வேட்டையாடியும் சோளம் விளைத்தும் வாழ்ந்திருந்தனர். அவர்கள் எதிர்த்துப் பொருதனர். 1794 ஆம் ஆண்டில் பாலன் டிம்பர்ஸ் என்னும் களத்திற் தோற்றனர். 1795 ஆம் ஆண்டில் கிரீன்வில் உடன்படிக்கையால் இன்றைய ஓஹையோவின் பெரும்பகுதியை இழந்தனர். அதற்கு மறு ஆண்டே, 1796 ஜூன் 1 ஆம் நாட் சட்டத்தால், ஓஹையோவில் இருபத்தைந்து லட்சம் ஏக்கருக்குச் சிறிது மேற்பட்ட பரப்பு ஐக்கிய நாட்டுப் படைமானிய வட்டாரம் என வகுக்கப்பட்டது. முன்னோன் பெயரைப் பட்டயத்திற் கண்டு மகிழ்வோர் இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

வாக்குக் கொடுத்து இருபது ஆண்டு கழிந்தபின் வட்டாரம் பிறந்தது. பிறந்தபோதும் சிப்பாய்க்கு வாய்த்ததோ மிகக் குறைவு. தொடக்கத்தில் 4,000 ஏக்கர்க் கட்டுகளாகவே நிலம் தரப்படும் என்பது விதி. நூறு ஏக்கர்ச் சீட்டு வைத்திருப்பவன் தன்னைப் போன்ற முப்பத்தொன்பதின்மரைத் தேடிக் கூட்டினாலன்றி ஓரடியும் பெறான். மாசசூஸட்ஸ் கிராமத்தான் ஒருவன் இதனைச் செய்வதெங்ஙனம்? செய்யவல்லவர் தரகரே. அவர்கள் ஊர்தோறுஞ் சென்று சீட்டுகளை மலிவாக வாங்கிக் கட்டுக்கட்டாய்ச் சேர்த்தனர். 1800 ஆம் ஆண்டில் நூறு ஏக்கர் மனைகளும் அளந்து வைக்கப்பட்டன. அதற்குள் பல சீட்டுகள் கைமாறிவிட்டன.

இதனைச் சிப்பாயின் வாயினின்றே கேட்க விரும்புவோர் ஜோசப் பிளம் மார்ட்டின் என்பாரைக் காண்க. கனெக்டிகட்டிலிருந்து பதினைந்து வயதிற் படையிற் சேர்ந்து, போர் முடியுமளவும் உழைத்தவர் இவர். 1830 ஆம் ஆண்டில் தம் பெயர் குறியாது வெளியிட்ட தன்வரலாற்றில், ஓஹையோவில் நிலம் ஒதுக்கியதோடு அரசாங்கம் ஓய்ந்ததென்றும், அதனைச் சிப்பாய் கையிற் சேர்ப்பிக்க எவரும் முயலவில்லையென்றும், தரகரே அலைந்து திரிந்து உரிமைகளை வாங்கினரென்றும் கசந்து எழுதியுள்ளார். அவர் குடியேறியதோ மேயின் நாட்டில். அங்கே அவர் காடு வெட்டித் திருத்திய நிலத்தைத் தமதென்று கோரியவர், அவருடைய பழைய பீரங்கிப் படைத் தலைவரும், பின்னர்ப் போர்த்துறைச் செயலாளராய் இருந்தவருமான ஹென்றி நாக்ஸ்! ஏழை வீரர்க்கென வகுத்த ஓய்வூதியத்திற்கு 1818 ஆம் ஆண்டில் மனுச் செய்தபோது, தமக்கு நிலமும் உடைமையும் இல்லையென்று மார்ட்டின் பிரமாணம் செய்தார். யார்க்டவுனில் 1781 ஆம் ஆண்டு கார்ன்வாலிஸ் பிரபு சரணடைந்தபோது அகழி வெட்டிய கூட்டத்தில் இவரும் ஒருவர். அதே கார்ன்வாலிஸ் பின்னர் இந்தியாவிற்குக் கவர்னர் ஜெனரலாய் வந்து, 1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்திலே திப்பு சுல்தானை உடன்படிக்கைக்கு உட்படுத்தியதும், சென்னைக் கோட்டையில் அவர்க்குச் சிலை வைத்திருப்பதும் நாம் அறிந்தவை. தோற்றவர்க்குச் சிலையும் வென்றவர்க்கு வறுமையும் வாய்த்தன.

மத்திய அரசாங்கத்தின் மானியத்தோடு மாகாணங்கள் தாமே தந்த மானியமும் உண்டு. காலி நிலம் வைத்திருந்த மாகாணங்களே இதனைச் செய்யக் கூடியன. நியூ ஜெர்ஸி, டெலவேர், ரோட் ஐலண்டு போன்றவற்றிற்கு அது கூடவில்லை. வர்ஜீனியா மூன்றாண்டுப் பணிக்குச் சிப்பாய்க்கு 100 ஏக்கர் கொடுத்தது. வட கரோலினா, இன்றைய டென்னஸி நாட்டில், ஏழாண்டு உழைத்த சிப்பாய்க்கு 640 ஏக்கர் அளித்தது. நியூயார்க்கு தன் மாகாணத்தின் நடுவே பெரும் பரப்பொன்றை 600 ஏக்கர் மனைகளாகப் பிரித்தது. அம்மனைகளடங்கிய டவுன்ஷிப்புகட்கு இட்ட பெயர்கள் இலக்கிய மாணவர்க்குச் சுவை பயப்பன: ஹோமர், வர்ஜில், ஓவிட், சிசரோ, யுலிசிஸ், ராமுலஸ்! ஓனண்டாகா, கயூகா மக்களின் வேட்டைக்காட்டில் கிரேக்கப் புலவரும் ரோமப் புலவரும் குடிபுகுந்தனர். 1790 ஆம் ஆண்டில் சீட்டுப் போட்டு மனைகள் பகிரப்பட்டன. அதற்குள் ஒரே சிப்பாய் தன் உரிமையை இருவர் மூவருக்கு விற்றிருந்த செய்தி வெளிப்பட்டு வழக்குகள் பெருகின. ஆகவே அந்நிலங்களைப் பற்றிய கிரயப் பத்திரங்களெல்லாம் ஆல்பனியிற் கொண்டுவந்து ஒப்புவிக்கப்பட வேண்டுமென 1794 ஆம் ஆண்டிற் சட்டம் செய்தனர். வழக்குப் பெருகியது அக்காலத்தார்க்குத் துன்பம். ஆராய்ச்சியாளர்க்கு அதுவே வாய்ப்பு.

இதனால் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது, தம் முன்னோன் எப்படையிற் பணி செய்தான் என்பது. மத்திய அரசாங்கத்தின் காண்டினெண்டல் படையிலா, மாகாணத்துக்குரிய படையிலா, அவ்வப்போது ஊரிலிருந்து திரட்டிய மிலிஷியாவிலா? சுதந்தரப் போர்க்கெனக் காங்கிரஸ் சொன்ன நிலம் காண்டினெண்டல் படைக்கே உரியது. மிலிஷியாவில் மூன்று மாதம் நின்றவனை ஓஹையோவில் தேடுவது வீண் உழைப்பாம்.

இரண்டாம் முறை ஆங்கிலேயரோடு 1812 ஆம் ஆண்டில் போர் மூண்டபோது, ஐந்தாண்டுப் பணி ஏற்ற சிப்பாய்க்கு 160 ஏக்கர் என்றனர். 1814 டிசம்பரில் அதனை 320 ஆக இரட்டித்தனர். அதிகாரிகட்கு ஒன்றுமில்லை, மிலிஷியாவுக்கும் இல்லை. இதற்கென மிச்சிகன், இல்லினாய், லூயிஸியானா ஆகிய மூன்று பகுதிகளில் இருபது இருபது லட்சமாக அறுபது லட்சம் ஏக்கர் ஒதுக்கினர். அளவைத் தலைவர் எட்வர்டு டிப்பின் என்பவர், மிச்சிகன் நிலம் சதுப்பும் மணலுமேயன்றி வேளாண்மைக்கு உதவாதென 1815 ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வறிக்கையை நம்பி 1816 ஆம் ஆண்டில் அப்பகுதியை நீக்கி, இல்லினாயில் பதினைந்து லட்சமும் மிஸ்ஸௌரியில் ஐந்து லட்சமும் கூட்டினர். மிச்சிகனில் இன்று விளையும் பழமும் தானியமும் டிப்பினைப் பார்த்து நகைக்கும். முடிவில் இல்லினாய் ஆற்றுக்கும் மிஸ்ஸிஸிப்பி ஆற்றுக்கும் இடையே முப்பத்தைந்து லட்சம் ஏக்கர் இம்மானியத்திற்கு ஆயிற்று. எந்த வீரனுக்கு எந்த மனை என்பதைத் திருவுளச்சீட்டே தீர்த்தது. நல்ல புல்வெளியும் கிடைக்கலாம், ஆற்று வெள்ளம் நிற்கும் பள்ளமும் கிடைக்கலாம். இச்சீட்டை 1852 ஆம் ஆண்டுவரை பிறர்க்கு மாற்றிக் கொடுத்தல் ஆகாது. ஆகையால் இல்லினாய்ப் பட்டயங்களிற் காண்பது வீரன் பெயர், அல்லது அவன் வாரிசின் பெயர். அது கண்டு, நம் பாட்டனார் இல்லினாயிற் குடியிருந்தார் என்று முடிவு செய்வோர் மிகப் பலர். அவரோ வெர்மாண்டிலோ பென்ஸில்வேனியாவிலோ இருந்துகொண்டே, பட்டயம் கைக்கு வந்ததும் சிறுதொகைக்கு விற்றிருப்பார்.

அற்றேல், அவர் வாழ்ந்த ஊரை எங்ஙனம் காண்பது? விற்ற பத்திரத்தைக் காண்க. அது நிலம் இருக்கும் மாவட்டத்தின் பத்திரப் புத்தகத்தில் பதியப்பட்டிருக்கும். இன்ன மாகாணத்து, இன்ன மாவட்டத்து, இன்னார் என விற்றவனைக் குறிப்பது அப்பத்திரங்களின் வழக்கம். மனைவிக்குரிய பங்கினை அவளும் விட்டுக்கொடுத்தல் வேண்டுமாகலின், பலவிடத்து அவள் பெயரும் வரும். தான் ஒருநாளும் மிதியாத இல்லினாய் மண்ணிலேதான், அம்முதியவனுடைய உண்மையான வீட்டு முகவரி புதைந்து கிடக்கின்றது.

பின்னர் எழுந்த சட்டங்களை விரைந்து கூறுவன். மெக்ஸிகோப் போர்க்கு 1847 ஆம் ஆண்டுச் சட்டம்: ஓராண்டுப் பணிக்கு 160 ஏக்கர், அதற்குக் குறைந்தால் 40. 1850 ஆம் ஆண்டுச் சட்டம் 1812 ஆம் ஆண்டுப் போரினரையும், 1790 முதல் பூர்வகுடிகளோடு பொருத போரினரையும், முன்னர் விடுபட்ட அதிகாரிகளையும் சேர்த்து, ஒன்பது மாதத்திற்கு 160, நான்கு மாதத்திற்கு 80, ஒரு மாதத்திற்கு 40 என வரையறுத்தது. 1852 ஆம் ஆண்டுச் சட்டம் சீட்டுகளைக் கைமாற்றலாம் என்றது. 1855 மார்ச்சு 3 ஆம் நாட் சட்டமோ கதவை அகலத் திறந்துவிட்டது: பதினான்கு நாட் பணியோ, ஒரு போரிற் கலந்தமையோ இருந்தாற் போதும், 160 ஏக்கர். வண்டியோட்டிகளும், படைச் சமயகுருமாரும், அமெரிக்கர் பக்கம் நின்று பொருத பூர்வகுடி வீரரும் இதன்கண் அடங்கினர். சுதந்தரப் போர் வீரருள் எஞ்சிய கிழவரும், அவர்தம் கைம்பெண்டிரும் இதனாற் பயன்பெற்றனர். 1847 முதல் எழுந்த இச்சட்டங்களால் வழங்கியது ஏறத்தாழ ஆறு கோடி ஏக்கருக்குச் சீட்டு. இதன்பின் எழுந்த உள்நாட்டுப் போரினர்க்குப் படைமானியம் இல்லை.

இனித் தேடும் முறைக்கு வருவோம். ஒரு மானியத்தில் மூவகைக் காகிதம் பிறக்கும். முதலாவது மனு, இரண்டாவது வாரண்டு, மூன்றாவது பட்டயம். வாரண்டு என்றவுடன் நம்மூரார்க்குச் சேவகன் கைவிலங்கொடு வருவதே தோன்றும். ஈண்டு அதன் பொருள், இத்துணை ஏக்கர் பெற உரியன் என்று அரசாங்கம் எழுதித் தந்த உரிமைச் சீட்டு. சீட்டினைக் கொடுத்து நிலத்தைத் தேர்ந்தபின் தருவது பட்டயம். சீட்டு விற்கப்பட்டிருந்தால், அதன் பின்புறத்திலே வீரன் மற்றொருவர்க்கு மாற்றி எழுதிய எழுத்து இருக்கும். அவ்வெழுத்தோடு சிப்பாயும் நிலமும் பிரிந்துபோயினர் என்க. அதற்கப்பால் பட்டயத்தைத் தொடர்ந்து சென்றால் அகப்படுபவன் எவனோ ஓர் அயலான். முன்னோனை வேண்டுவோர் முன்னோக்கிச் செல்லாது, பின்னோக்கி மனுவினிடம் திரும்புதல் வேண்டும்.

எனினும், பட்டயத்திலிருந்து தொடங்குவது எளிது. நில நிர்வாக அலுவலகத்தார் பட்டயங்களின் படத்தைக் கணினி வழியே எவரும் காண வைத்துள்ளனர். அங்கே நிலம் பெற்றவன் பெயர் மட்டுமன்றி, சீட்டுக்குரிய வீரன் பெயரைக் கொண்டும் தேடலாம். கிடைத்த பட்டயத்தில் மூன்று குறிப்புக்களை எழுதிக்கொள்ளுதல் வேண்டும்: எவ்வாண்டுச் சட்டம், எத்துணை ஏக்கர், சீட்டின் எண் யாது என்பன. இம்மூன்றும் இருந்தால் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் களரியில் அச்சீட்டினையே தேடி எடுக்கச் சொல்லலாம். ஒன்று குறைந்தாலும் இயலாது. எண் ஒவ்வொரு சட்டத்திற்கும் ஒவ்வோர் அளவிற்கும் தனித்தனியே தொடங்குகின்றது. இடையில் ஒரு சொல்: பட்டயத்தில் ஜாக்ஸன் என்றோ போல்க் என்றோ ஜனாதிபதியின் பெயர் கண்டு, அவர் கையெழுத்தே எம் வீட்டில் உளதெனப் பெருமை பேசும் குடும்பங்கள் உண்டு. 1833 ஆம் ஆண்டு மார்ச்சுக்குப் பின் ஜனாதிபதியின் பெயரால் அதனை எழுதியவர் அதற்கென அமர்த்தப்பட்ட ஒரு செயலாளரே.

சுதந்தரப் போரினரின் ஓய்வூதிய மனுக்களும் நில மனுக்களும் ஒருங்கே சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ எண்பதாயிரம் கட்டுகளாய், எம் 804 என்னும் எண்ணுள்ள 2,670 நுண்படச் சுருள்களில் அடங்கியுள்ளன. கட்டின் மேலுள்ள குறியீட்டைப் படிக்கக் கற்றல் முதற்பாடம். எஸ் என்றால் வீரன் உயிரோடிருந்து தானே கேட்டது. டபிள்யூ என்றால் கைம்பெண் கேட்டது. ஆர் என்றால் தள்ளுபடியானது. நிலச் சீட்டாயின் அதற்குரிய சுருக்கெழுத்தின்பின் எண்ணும் ஏக்கரும் வரும். ஈற்றில் 55 என நின்றால் 1855 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெற்றதென அறிக. 1800 நவம்பர் 8 ஆம் நாள் போர்த்துறை அலுவலகத்தில் தீப்பற்றி, அதற்கு முற்பட்ட மனுக்களெல்லாம் எரிந்துபோயின. அவற்றிற்கு ஈடாக எஞ்சிய பதிவேடுகளிலிருந்து எழுதிய ஒற்றை அட்டைகளே உள்ளன: பெயர், எண், ஏக்கர், நாள், சிலவிடத்து வாங்கினவன் பெயர். அட்டையைக் கண்டவுடன் மனம் சோர வேண்டா. அதே வீரன் 1818 ஆம் ஆண்டுக்குப் பின் ஓய்வூதியம் கேட்டிருக்கலாம். அவன் மனைவி 1855 இற் கேட்டிருக்கலாம். முதற் காகிதம் எரிந்தாலும் இரண்டாவது பேசும்.

பிற்பட்ட போர்களின் நில மனுக்கள் பெயர் வரிசையில் அதே களரியில் வைக்கப்பட்டுள்ளன. வேண்டுவோர் விண்ணப்பம் எழுதிப் படி பெறலாம். பலரும் பட்டயத்தோடு நின்றுவிட்டு இதனைக் கேளாது விடுகின்றனர். உயிர் இருப்பதோ இங்கேதான். வீரன் தன் வயதையும், இருப்பிடத்தையும், காப்டன் பெயரையும், சேர்ந்த நாளையும், நீங்கிய நாளையும் நடுவர்முன் பிரமாணமாகச் சொல்லுகின்றான். கைம்பெண்ணாயின், எவ்வூரில், எந்நாளில், எவர் முன்னிலையில் மணம் நடந்ததென்று மெய்ப்பித்தல் வேண்டும். பதிவேடில்லாத எல்லைப்புற ஊர்களில் மணந்த ஏழை மாதர்க்கு இதற்குச் சான்று யாது? குடும்ப வேதாகமத்தின் நடுவே பிறப்பு, மணம், இறப்பு எழுதிய தாளைக் கிழித்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினர் சிலர். அத்தாள்கள் வீடு திரும்பவில்லை. இன்றும் மனுவோடு தைத்தபடியே உள்ளன. குடும்பத்திலே வைத்திருந்தால் செல்லும் எலியும் தின்றிருக்கும்.

மனுவைப் படிப்போர்க்கு மூன்று எச்சரிக்கை உண்டு என்பேன். மனுதாரன் சொல்லும் வயது நினைவினின்று சொன்னது. அறுபது எழுபது என முழு எண்ணாய் வந்தால் நம்புதற்கு முன் வேறு சான்று தேடுக. பெயரை எழுதியவன் எழுத்தன். வீரன் இட்டது கீறற்குறியே. ஆகலின் ஒரே குடும்பப் பெயர் நான்கு எழுத்துக் கூட்டலில் வரும். ஜான் ஸ்மித் என்பார் ஒரே மாகாணப் படையிற் பலர் இருந்திருப்பர். பெயர் ஒத்தது கொண்டு பாட்டன் என்று கொள்ளுதல், நம் நாட்டிற் கண்ணன் என்ற பெயருடைய புலவரையெல்லாம் ஒருவராக்குவது போலாம். இவற்றினும் பெரிது, சாட்சிகளைப் படியாது விடுவது. மனுவின் அடியில் கையெழுத்திட்ட இருவர் பெரும்பாலும் உடன் பொருத தோழர், அல்லது உறவினர், அல்லது அடுத்த வீட்டார். அவர்தம் மனுக்களையும் வாங்கிப் பார்த்தால், நம் முன்னோன் அவர்கட்குச் சாட்சியாய் நின்று உரைத்த செய்தி அங்கே கிடைத்தல் கூடும். தள்ளுபடியான மனுக்களையும் புறக்கணித்தலாகாது. எளிதில் நிலம் பெற்றவன் ஒரு பக்கம் எழுதி நின்றான். மறுக்கப்பட்டவனோ மீண்டும் மீண்டும் எழுதினான், அயலாரைக் கொண்டு எழுதுவித்தான். எனவே, சிலபோது தோற்றவன் கட்டே பருத்திருக்கும்.

இம்முறையை ஒரு பெயரால் விளக்குவன். 1832 ஆம் ஆண்டில் இல்லினாயில் பிளாக் ஹாக் போர் என்பது எழுந்தது. இருபத்துமூன்று வயதினனான ஓர் இளைஞன் மிலிஷியாவிற் சேர்ந்தான். தோழர் அவனைக் காப்டனாகத் தேர்ந்தனர். தவணை தீர்ந்தபின் தனிச் சிப்பாயாக மீண்டும் சேர்ந்தான். ஏப்ரல் 21 முதல் ஜூலை 10 வரை, எண்பது நாள் அளவே அவன் பணி. நேர்ப்போர் எதனையும் அவன் கண்டிலன். அவன் பெயர் ஆபிரகாம் லிங்கன். 1850 ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்குக: ஒரு மாதத்திற்கு மேல், நான்கு மாதத்திற்குக் கீழ், ஆகவே 40 ஏக்கர். 52076 என்னும் எண்ணுள்ள சீட்டு 1852 ஆம் ஆண்டில் அவர்க்கு வந்தது. அதற்கு அயோவாவில் டாமா மாவட்டத்திலே நிலம் எடுத்தார். பின்னர் 1855 ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கர் என்றது. முன் பெற்ற 40 போக எஞ்சிய 120 ஏக்கருக்கு மற்றொரு சீட்டு. அதனை 1859 டிசம்பரில், தம் ஊராகிய ஸ்பிரிங்பீல்டு நில அலுவலகத்திலேயே கொடுத்து, அயோவாவின் கிராபோர்டு மாவட்டத்தில் நிலம் தேர்ந்தார். 1860 செப்டம்பரில் அதற்குப் பட்டயம் வந்தது. அப்போது ஜனாதிபதியாய் இருந்தவர் பியூக்கானன். இரண்டு திங்களில் அவ்விடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பட்டயம் பெற்றவர்.

சட்டத்தின் ஆண்டும், ஏக்கர் அளவும், பணிநாட் கணக்கும் ஒன்றையொன்று எங்ஙனம் மெய்ப்பிக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று யான் கண்டிலேன். 40 உம் 120 உம் என்ற இரண்டு எண்களைக் கண்ட அளவிலேயே, இவ்வீரன் ஒரு மாதத்திற்கு மேலும் நான்கு மாதத்திற்குக் குறைவாகவும் பணி செய்தவன் என்று, படைப்பட்டியைப் பாராமலே சொல்லிவிடலாம். பட்டயத்தை மட்டும் கண்டோ, லிங்கன் அயோவாவில் வேளாளராய் வாழ்ந்தார் என்று முடித்துவிடலாம்! தம் சீட்டுகளைப் பிறரைப்போல் விற்றுவிடாது வைத்துக்கொண்ட சிலருள் அவரும் ஒருவரேயாயினும், அந்நிலத்தில் அவர் ஏர் பூட்டியதில்லை. கிராபோர்டு மாவட்டத்து 120 ஏக்கரை அவர் மகன் ராபர்ட் 1892 ஆம் ஆண்டு விற்றார்.